சின்னப்பர் ஊர்த் திராட்சை

காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள் தாயி. பஸ் குலுங்குகிறது, கீழே அந்தச் சாக்குப்பை மேல் பட்டுவிடப் போகிறது. உள்ளே உயிருள்ள சாமான். என்னவா? சொல்கிறேன். இன்னது என்று இப்போதே சொன்னால் சிரித்துவிடுவீர்கள். முதலிலிருந்து கேட்டால் சிரிக்க மாட்டீர்கள். ஆனால் முதலிலிருந்து சொல்வதற்குத்தான் எனக்குப் பயம். நான் ஏழாவதோடு நின்றவள். ஒன்றை வரிசையாகச் சொல்ல வராது. கோபம் வந்தால் நடுவில் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவேன். கேட்கிறவர்களுக்கு நான்தான் தப்புச் செய்தவள் மாதிரித் தோன்றிவிடும். எங்கள் பங்குச்சாமியாரிடம் இதே கதையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர், "அமலோற்பவம், மதலேன் மேல உனக்கு என்னதான் கோபம்?" என்றார். அவ்வளவு நேரம் நான் சொன்னது என்னவாம்?

மதலேன் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரர் இன்னாசி. அவர் தம்பி சவரிமுத்துவின் பெண்டாட்டி அவள். எங்கள் ஊர் சம்மனசுபுரம், கம்பத்தில் இறங்கி மினிபஸ் பிடிக்க வேண்டும். மாமனார் போன பிறகு தோட்டத்தை அண்ணனும் தம்பியும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் எல்லைக்கல் நிற்கிறது. நிலத்தைப் பிரிக்கலாம், திராட்சைப் பந்தலைப் பிரிக்க முடியுமா? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கம்பி. கீழே என் மண், அவள் மண். மேலே ஒரே பந்தல். சண்டைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும், சொல்லுங்கள்.

எல்லாரையும் போல பன்னீர் திராட்சைதான் வைத்திருந்தோம். கறுப்பாக, இனிப்பாக, வாயில் போட்டால் ரோஜாப்பூ மணக்குமே, அதுதான். அப்போதுதான் ஒயின் கம்பெனியிலிருந்து நவநீதன் சார் வந்தார். நல்ல மனிதர் என்றுதான் அப்போது நினைத்தேன். அதற்கு முன்னால் மாதுளைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவராம். வெளிநாட்டு ஒயின் திராட்சை ஒன்று வந்திருக்கிறது, நம் மண்ணுக்கு வருமா என்று சோதனை பார்க்க வேண்டும், பழைய கொடியை வெட்டி ஒட்டுக் கட்டலாமா என்று கேட்டார். சவரிமுத்து தலையைச் சொறிந்தான். என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். நான்தான் கேட்டேன், "எந்த ஊருப் பழம் சார்?"

"கிரீஸும்மா. தெசலோனிக்கா பக்கம்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பூசையில் பைபிளிலிருந்து வாசிக்கிறார்களே தாயி, புனித சின்னப்பர் தெசலோனிக்கருக்கு எழுதிய திருமுகம் என்று. அந்தத் தெசலோனிக்கா! சின்னப்பர் நடந்த மண்ணில் விளைகிற பழம் எங்கள் தோட்டத்தைத் தேடி வருகிறது, இவர்கள் தலையைச் சொறிகிறார்கள். "கட்டுங்க சார், ரெண்டு பக்கமும் கட்டுங்க" என்று நானே சொல்லிவிட்டேன். கோயில் வாசலில் ஒருத்தர் விடாமல் எல்லாரிடமும் சொன்னேன். இப்போது மதலேன் சொல்கிறாள், "அக்காதான் ஆசப்பட்டாங்க" என்று. நான் எங்கே ஆசைப்பட்டேன்? வந்ததை வேண்டாம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பழத்தின் பேர் சினோமாவ்ரோ. எங்கள் ஊரில் சீனிமாவு என்றுதான் சொல்வார்கள். சீனிக்கும் அதற்கும் ஏழு கடல் தூரம். நவநீதன் சாரிடம் அர்த்தம் கேட்டேன். "புளிப்புக் கறுப்பு" என்று அர்த்தமாம். பெற்ற பிள்ளைக்கு யாராவது இப்படிப் பேர் வைப்பார்களா? அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அது மாதிரி ஒரு முரட்டுக் கொடியை நான் கண்டதில்லை. கொடி பேய் மாதிரி ஓடும். இலையைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குலை நெருக்கமாக அடைத்துக்கொண்டு, ஒரு தூறல் விழுந்தால் அழுகிப்போகும். பச்சைக் காயாக இருக்கும்போதே பாதிக் குலையை வெட்டிக் கீழே போடச் சொன்னார்கள். மீதிக் குலைக்குச் சத்து வேண்டுமாம். பன்னீருக்குச் செய்கிற மாதிரி பழம் பெருக்க மருந்துத் தண்ணீரில் முக்கக் கூடாது என்றார்கள். சரி. ஊரில் எல்லாரும் பழம் வெட்டி, கொடியைக் கழித்துக் கவாத்து அடித்து, அடுத்த காய்ப்புக்கே தயாராகிவிட்டார்கள். இது அப்போதுதான் கறுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். முதலில் புளிப்பு, பல் கூசியது. பிறகு துவர்ப்பு. கடுக்காயைக் கடித்த மாதிரி நாக்கு உள்ளே சுருண்டுகொண்டது. ஆனாலும் பிள்ளை மாதிரிப் பார்த்தேன். சின்னப்பர் ஊர்ப் பழம் ஆயிற்றே.

இப்போது தக்காளிக்கு வருகிறேன். இங்கேதான் நான் தடுமாறுவேன், நீங்கள் கவனமாகக் கேளுங்கள்.

கொடியை வெட்டி ஒட்டுக் கட்டினால் பந்தல் மூடுகிறவரை கீழே வெயில் விழும். அந்த இடத்தை யாரும் சும்மா போட மாட்டார்கள். வெங்காயம் போடுவோம், கீரை போடுவோம். நான் தக்காளி போட்டேன். என் வீட்டுக்காரருக்குத் தக்காளி ரசம் இல்லாமல் சோறு இறங்காது. பந்தல் மூடிய பிறகு, கீழே எதுவும் வேண்டாம் என்று நவநீதன் சார் சொன்னார்தான். நல்லாக் காய்க்கிற செடியைப் பிடுங்க எந்தப் பொம்பளைக்கு மனசு வரும்? ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைத்தேன். மதலேன் பக்கம் சுத்தமாகத் துடைத்துப் போட்ட மாதிரி இருக்கும். அவளுக்கு எப்போதும் அந்தப் பவுசு உண்டு.

முதல் வெட்டில் இரண்டு பேர் பழத்தையும் ஒரே தொட்டியில் போட்டு ஒயின் ஆக்கினார்கள். ருசி பார்க்க எங்களைக் கம்பெனிக்குக் கூப்பிட்டார்கள். பங்குச்சாமியாரும் வந்திருந்தார். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். இங்க் மாதிரி கன்னங்கறேல் என்று இருக்கும் என்று நினைத்தேன். கண்ணாடிக் கிளாசில் ஊற்றினால், மாதுளைத் தோல் ஊறின தண்ணீர் மாதிரி வெளுப்பாக இருக்கிறது. ஓரத்தில் செங்கல் நிறம் வேறு. நவநீதன் சார் மோந்து பார்த்தார். இன்னொரு தடவை மோந்தார். முகம் சுருங்கியது.

"என்ன இது, தக்காளி வாசம் அடிக்குது?"

எல்லாரும் கிளாசுக்குள் மூக்கை விட்டார்கள். தக்காளிதான். வெயிலில் காயப்போட்ட தக்காளி வற்றல் வாசம். நானும் மோந்தேன், இல்லை என்று சொல்ல முடியவில்லை. அந்த நேரத்தில் மதலேன் வாயைத் திறந்தாள்.

"எங்க அக்கா தோட்டத்துல தக்காளி போட்ருக்காங்கள்ல சார், அதனால இருக்கும். வேற ஒண்ணும் கலக்கல சார் நாங்க."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அத்தனையும் தாயி! பங்குச்சாமியார் தலை உட்பட. கையில் கிளாசை வைத்துக்கொண்டு, பட்டுச்சேலையில், கள்ளச்சாராயத்தோடு பிடிபட்டவள் மாதிரி நின்றேன். "நிறம் வேற வெளுத்துருக்கு. யார் தண்ணி அதிகமாப் பாய்ச்சுனது?" என்று ஒருத்தர் கேட்டார். அதற்கும் என்னைத்தான் பார்த்தார்கள். தக்காளி போட்டவள்தான் தண்ணீரும் பாய்ச்சியிருப்பாள் என்று முடிவாகிவிட்டது.

நவநீதன் சார் சொன்னார், "அடுத்த வெட்டுல ரெண்டு பக்கத்துப் பழத்தையும் தனித்தனியாப் போடுவோம். எந்தப் பக்கத்து ஒயின் சரியில்லையோ அந்தப் பக்கம் கொடிய எடுத்துருவோம்."

நினைத்துப் பாருங்கள். ஒரே பந்தல். அவள் பக்கம் பச்சைப்பசேல் என்று இருக்கும், என் பக்கம் மொட்டையாக இருக்கும். அதன் கீழே நான் தினமும் போய் நிற்க வேண்டும். ஊர் முழுக்க நான்தானே சொல்லிவைத்தேன், சின்னப்பர் ஊர்ப் பழம் என்று! அதற்குள்ளேயே பேச்சு தொடங்கிவிட்டது. குழாயடியில் ஒருத்தி, "கம்பெனிக்கே ரசம் வச்சுக் குடுத்த மகராசி வாராங்க, வழிய விடுங்க" என்கிறாள். கோயிலில் காணிக்கை எடுக்கிறவன்கூடத் தட்டை நீட்டிவிட்டு, "தக்காளி போட்ராதீங்கம்மா" என்கிறான். கோயிலுக்குள்!

மறுநாளே போய் அத்தனை தக்காளிச் செடியையும் பிடுங்கினேன். பிடுங்கின கோபத்தில் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். வேரும் காயும் பழமுமாக எல்லாம் மதலேன் பக்கம் போய் விழுந்தது. அவள் ஓடி வந்தாள்.

"என்னக்கா இது? குப்பையப் பூரா எங்க பக்கம் தூக்கி வீசிருக்கீங்க?"

"ஒனக்குத்தான் தக்காளின்னா வாய் ஊறுதே. வச்சுக்க. அதையும் போயி சார்ட்ட சொல்லு."

"நான் என்னக்கா தப்பாச் சொல்லிட்டேன்? பழத்துல கலப்படம் இல்லன்னு நம்மளுக்காகத்தான பேசுனேன்."

"நம்மளுக்காகவா? அப்ப அக்கா தோட்டம்னு எதுக்குடி சொன்ன? நம்ம தோட்டம்னு சொல்ல வேண்டியதுதான?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் மண்வெட்டி எடுத்து வந்தாள். செடியையெல்லாம் அவள் மண்ணிலேயே வெட்டிப் புதைத்தாள். உரமாகட்டுமாம். இதை மறந்துவிடாதீர்கள், தாயி. புதைத்தாள். அவள் கொடி வேரடியில். என் தக்காளியை. பிறகு இது வரும்.

அன்றிலிருந்து என் வீட்டில் தக்காளி கிடையாது. வெறும் புளி ரசம்தான். கையில் ஒட்டின வாசம்கூடக் கொடிக்குப் போய்விடும் என்று பயம். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடி, "மதலேன் வீட்ல இன்னிக்குத் தக்காளித் தொக்குபோல, தெரு வரைக்கும் மணக்குது" என்றார். "போயி அங்கயே சாப்புடுங்க" என்றேன். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார் அந்த மனிதர். ஒரு கிண்ணத்தில் எனக்கும் கொடுத்துவிட்டிருந்தாள். பாருங்கள் அவள் துணிச்சலை! கிண்ணத்தோடு கொண்டுபோய் அவள் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வெட்டு வந்தது. எனக்குப் பயம். செடியைப் பிடுங்கியாகிவிட்டது, ஆனால் மண்ணில் ஊறின வாசம் உடனே போகுமா? மறுபடி வந்தால் கொடி போச்சு. யோசித்தேன், பன்னீர் மணம் சேர்ந்தால் தக்காளி வாசம் அமுங்கிவிடும். என் அண்ணன் தோட்டத்தில் பன்னீர் பழுத்திருந்தது. சில பெட்டி வாங்கிவந்து, என் பழப்பெட்டிகளில் அடியில் பன்னீரைப் பரப்பி, மேலே சினோமாவ்ரோவை அடுக்கினேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தார்.

"வேணாம்டி. கலப்படம்."

"பால்ல தண்ணி ஊத்துனா கலப்படம். பால்ல பால ஊத்துனா அதுவும் கலப்படமா? ரெண்டும் திராட்சதான், ரெண்டும் கறுப்புதான்."

நான் சொன்னதில் தப்பு இருக்கிறதா தாயி? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இந்தத் தடவை ருசி பார்க்கத் தெசலோனிக்காவிலிருந்தே ஒரு அம்மாளை வரவழைத்திருந்தார்கள். எலெனி என்று பேர். எங்கள் வாயில் எலேனம்மாள். எங்கள் ஊர்ப் பொம்பளை மாதிரியே தடித்த உருவம், வெயில் பட்டுச் சிவந்த முகம், ஆண்பிள்ளை மாதிரிக் காய்த்துப்போன கை. தலைமுறை தலைமுறையாக இதே கொடி வளர்க்கிறவர்களாம். முதலில் மதலேன் ஒயினை ஊற்றினார்கள். அதே வெளுத்த நிறம். எலேனம்மாள் மோந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். சிரித்தாள். என்னமோ சொன்னாள்.

நவநீதன் சார் திருதிருவென்று முழித்தார். "தக்காளின்றாங்க" என்றார்.

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! மாட்டிக்கொண்டாள்! தக்காளியே போடாத மகராசி தோட்டத்தில் தக்காளி வாசம்! திரும்புங்கள் எல்லாரும், இப்போது அவள் பக்கம் திரும்புங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். அதற்குள் எலேனம்மாள் எழுந்து போய் மதலேனைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

நான் மலைத்துப்போனேன். நவநீதன் சார் கேட்டுக் கேட்டுச் சொன்னார். "அந்தப் பழத்தோட கொணமே அதானாம்மா. காஞ்ச தக்காளி வாசம், ஒலிவக்காய் வாசம். அது வந்தாத்தான் நல்ல ஒயினாம். நெறம் வெளுப்பா இருக்குறதும் அதோட பொறப்பாம், யாரும் தண்ணி ஊத்தலயாம். இன்னொண்ணும் சொல்றாங்க. இது ரொம்பக் கஷ்டமான பழம். புளிக்கும், துவர்க்கும், எதுக்கெடுத்தாலும் மொறச்சுக்கும். வளக்குறவங்க பொறுமையாக் காத்துருந்தா, வருஷம் போகப் போகத்தான் உள்ள இருக்குற நல்லது வெளிய வருமாம்."

இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என்ன சிரிப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பழத்தைப் பற்றிப் பேசும்போது என்னை எதற்குப் பார்க்க வேண்டும்?

பிறகு என் ஒயினை ஊற்றினார்கள். எலேனம்மாள் மோந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடி மோந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து மெதுவாகச் சொன்னாள். "நல்லா மணக்குது, ரோஜாப்பூ மாதிரி. ஆனா இது எங்க பழம் இல்ல. இந்தப் பழத்த எங்க ஊர்ல தட்டுல வச்சுச் சாப்புடுவோம்" என்றாளாம்.

நவநீதன் சார் மோந்தார். "அமலோற்பவம்மா, என்ன இது பன்னீர் வாசம்?"

மறுபடியும் அத்தனை தலையும் என் பக்கம். இரண்டாவது தடவை தாயி! தக்காளி வாசம் இருந்தாலும் நான், இல்லாவிட்டாலும் நான்!

எனக்கு வந்த ஆத்திரத்தில் கேட்டுவிட்டேன், "தக்காளி வாசம் நல்லதுன்னா, அன்னிக்கு எதுக்கு சார் எல்லாரும் என்னயத் திரும்பிப் பாத்தீங்க? அதுக்கு இப்ப யாரு என்ன சொல்லப் போறீங்க?"

நவநீதன் சார் சிரித்தார். "அது அப்பத் தெரியாதும்மா. நல்லதாப் போச்சுல்ல?"

அவ்வளவுதான். நல்லதாகப் போயிற்றாம். எவன் வாயிலிருந்தும், தப்பாக நினைத்துவிட்டோம் அம்மா என்று ஒரு வார்த்தை வரவில்லை. பங்குச்சாமியார் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குத் திரும்பின தலையெல்லாம் எனக்கு இன்னும் அப்படியே திரும்பித்தான் இருக்கிறது.

என் பக்கக் கொடியை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அப்போது மதலேன் எழுந்தாள். "இன்னும் ஒரே ஒரு வெட்டு பாருங்க சார். கொடி ஒரே கொடிதான், ரெண்டு பக்கமும் ஒண்ணா ஒட்டுக் கட்டுனதுதான். அக்கா கைய வந்து பாருங்க, எங்கள எல்லாரையும் விட அவங்கதான் பாடுபட்ருக்காங்க" என்றாள். அழுகிற குரலில் சொன்னாள். எனக்காகப் பிச்சை கேட்க இவள் யார்? அவள் சொன்னதால் எனக்கு இன்னும் ஒரு வெட்டு விட்டிருக்கிறார்கள். என் கொடி அவள் தயவில் நிற்கிறது. இதைவிட அவமானம் உண்டா? இதையும் பங்குச்சாமியாரிடம் சொன்னேன். "மதலேன் நல்ல பொண்ணு" என்றார். கேட்டீர்களா?

சரி, இப்போது நீங்களே யோசியுங்கள். பழத்தின் குணமாம்! தக்காளியே போடாத கொடியில் தக்காளி வாசம் எங்கிருந்து வரும்? நான் படிக்காதவள்தான், முட்டாள் இல்லை. எலேனம்மாள் ஊரிலும் கொடிக்குக் கீழே தக்காளி போடுவார்கள், அதை இவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். தொழில் ரகசியத்தை யார் சொல்வார்கள்? மதலேன் கொடிக்கு வாசம் வந்தது எதனால்? அவள் வேரடியில் புதைத்தாளே, என் தக்காளி, அதனால். என் செடி, என் பழம், என் வாசம். முத்தம் அவளுக்கு.

அதனால்தான் இந்தப் பை. பார்க்கிறீர்களா, மெல்லத் திறக்கிறேன். குழித்தட்டில் தக்காளி நாற்று. தேனி நாற்றுப் பண்ணையில் வாங்கினேன். சிரிக்காதீர்கள் என்றேனே! போன வாரம் பாதித் தோட்டத்துக்கு நட்டுவிட்டேன். இது மீதிக்கு. இந்த வெட்டில் பன்னீர் ஒரு காய்கூடச் சேர்க்க மாட்டேன், அது தக்காளி வாசத்தை அமுக்கிவிடும். மறுபடி தக்காளி ரசம் என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே குஷி.

எல்லைக்கல் ஓரத்தில் மட்டும் நடவில்லை. அங்கே நட்டால் வாசம் அவளுக்குப் போய்விடும். அது போதாது என்று, பழைய சாக்கையெல்லாம் பிரித்துத் தைத்து, பந்தல் கம்பியிலிருந்து தரைவரை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை படுதா கட்டிவிட்டேன். ஒரு பொட்டுக் காற்றுப் போகாது. கட்டும்போது அந்தப் பக்கமிருந்து மதலேன் கேட்டாள், "என்னக்கா பண்றீங்க? ஒத்தையில கஷ்டப்படுறீங்களே, அந்தக் கோடிய நான் புடிக்கட்டுமா?"

பிடித்துக்கொள் என்றேன். ஒத்தை ஆளாக எப்படிக் கட்டுவது? அவள் இழுத்துப் பிடித்தாள், நான் முடிச்சுப் போட்டேன். நல்ல இறுக்கமான முடிச்சு. இனி என் வாசம் என்னிடம்தான் இருக்கும்.

கம்பம் வந்துவிட்டது. பையைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள் தாயி. சாய்க்காமல், நேராக.